கப்பற்பாய் வியாபாரி ஜேம்ஸ் போர்ட்டன்

பெரியோர் சரித்திரம் என்றால் அரசர்களையும் தளபதிகளையும் பற்றி எழுதுவதே வழக்கமாகிவிட்டது. தொழில் செய்து பிழைத்த ஒருவரின் சரித்திரத்தை எடுத்துச் சொல்வோர் குறைவு. இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு வியாபாரியின் வாழ்க்கை. அவர் நம் மார்க்கத்தவர் அல்லர், கிறிஸ்தவர். நம் நாட்டவரும் அல்லர். அமெரிக்காவில் பிலடெல்பியா என்னும் துறைமுக நகரில் பிறந்து, அங்கேயே தொழில் செய்து, அங்கேயே அடங்கியவர். கறுப்பினத்தைச் சேர்ந்தவர். ஆயினும் கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் எவருக்கும் அவர் வாழ்க்கை அந்நியமாகத் தோன்றாது. பிலால் (ரலி) அவர்களின் பெயரைக் கேட்டு வளர்ந்த நமக்கு, நிறத்தைக் கொண்டு மனிதனை அளப்பது எவ்வளவு பெரிய அநீதி என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஜேம்ஸ் போர்ட்டன் 1766-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி பிறந்தார். அவருடைய பாட்டனாரின் தகப்பனார் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். பாட்டனார் பாடுபட்டுத் தம் விடுதலையைத் தாமே தேடிக்கொண்டார். தகப்பனார் தாமஸ், ராபர்ட் பிரிட்ஜஸ் என்ற வெள்ளைக்கார முதலாளியின் பட்டறையில் கப்பலுக்குப் பாய் தைத்தவர். ஆகவே ஜேம்ஸ் பிறக்கும்போதே சுதந்திர மனிதராகப் பிறந்தார். அக்காலத்தில் அந்த நகரில் ஒரு கறுப்பினக் குழந்தைக்கு இது சாதாரண பாக்கியம் அல்ல. தெருவில் எதிர்ப்படும் கறுப்பர் பலரும் இன்னொருவருக்குச் சொந்தமானவர்களாக இருந்த காலம் அது.

ஜேம்ஸுக்கு ஏழு வயது ஆகும்போது தகப்பனார் காலமானார். தாயார் குடும்ப பாரத்தைச் சுமந்தார். குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தனர். ஆந்தணி பெனெஜெட் என்ற நல்லாசிரியர் அதற்குப் பெரிதும் பாடுபட்டவர். அங்கே எழுத்தும் கணக்கும் சிறிது காலம் படித்தார் ஜேம்ஸ். ஒன்பது வயதில் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தாயாருக்கு உதவியாக வேண்டுமே! அவர் பெற்ற பள்ளிப் படிப்பு அவ்வளவுதான். மீதிப் படிப்பைத் துறைமுகமும் உலகமும் கற்றுக்கொடுத்தன.

அமெரிக்கா பிரிட்டிஷாரை எதிர்த்து விடுதலை யுத்தம் நடத்திக்கொண்டிருந்தது. 1781-இல், 14 வயதில், ஜேம்ஸ் ‘ராயல் லூயி’ என்ற கப்பலில் சேர்ந்தார். எதிரிக் கப்பல்களைப் பிடிப்பதற்கு அரசாங்க உத்தரவு பெற்ற தனியார் போர்க்கப்பல் அது. பீரங்கிகளுக்கு வெடிமருந்து சுமந்து கொடுப்பது பையனின் வேலை. முதற்பயணத்தில் வெற்றி; அடுத்த பயணத்தில் கப்பலோடு பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். அப்படிப் பிடிபடும் கறுப்பர்களை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோய் அடிமைகளாக விற்றுவிடுவது உண்டு. பையனுக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

ஆனால் நடந்தது வேறு. பிரிட்டிஷ் கப்டனின் மகனும் அதே கப்பலில் இருந்தான். இருவரும் கோலிக்குண்டு விளையாடி நண்பர்களாயினர். கப்டனுக்கும் பையன்மேல் விருப்பம் உண்டாயிற்று. தம் மகனோடு இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்கவைப்பதாகச் சொன்னார். ஏழைத் தாயின் மகனுக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் என்ன வேண்டும்? ஜேம்ஸ் மறுத்துவிட்டார். தம் நாட்டுக்காகச் சண்டையிட வந்துவிட்டு நாட்டுக்குத் துரோகம் செய்யமாட்டேன் என்று நின்றார். பலன், நியூயார்க் அருகே நிறுத்தப்பட்டிருந்த ‘ஜெர்ஸி’ என்ற சிறைக்கப்பல். பசியும் கொள்ளைநோயும் ஆயிரக்கணக்கான கைதிகளைக் கொன்ற இடம் அந்தச் சிறைக்கப்பல்கள். அங்கே ஏழு மாதம் கிடந்தார்.

அங்கிருந்து தப்புவதற்கு ஒரு வழி கிடைத்தது. விடுதலையாகிப் போகும் ஓர் அதிகாரியின் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டால் வெளியேறிவிடலாம். ஆனால் டானியல் புரூட்டன் என்ற வெள்ளைக்காரப் பையன் தம்மைவிட இளையவனாகவும் நோயாளியாகவும் இருப்பதைக் கண்டு, அந்த இடத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்தார். பெட்டியைத் தூக்கிவிடத் தாமும் கைகொடுத்தார். பின்னர் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலை பெற்று, காலில் செருப்பும் இல்லாமல் நெடுந்தூரம் நடந்து வீடு சேர்ந்தார். புரூட்டன் ஆயுள் முழுவதும் அவருக்கு நண்பராக இருந்தார்.

யுத்தம் முடிந்த பின் ஜேம்ஸ் கப்பலேறி லண்டன் போய் ஓராண்டளவு இருந்துவிட்டுத் திரும்பினார். 1785-இல், தகப்பனார் வேலை செய்த அதே ராபர்ட் பிரிட்ஜஸின் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். பாய் தைப்பது பார்ப்பதற்கு எளிது; செய்வதற்குக் கடினம். கனமான கித்தான் துணியை விசாலமான தளத்தில் விரித்து, அந்தந்தக் கப்பலின் மரத்துக்கும் அளவுக்கும் தக்கபடி வெட்டி, நெருக்கமாகத் தைத்து, ஓரங்களில் கயிறு பிணைக்க வேண்டும். வெட்டு தவறினால் கப்பலின் வேகம் குறையும். தையல் தளர்ந்தால் புயலில் பாய் கிழியும், சரக்கும் உயிரும் போகும். ஆகவே கப்பல் முதலாளிகள் நம்பிக்கையான கையைத் தேடுவார்கள். ஜேம்ஸின் கை அத்தகைய கை. சீக்கிரத்திலேயே பட்டறைக்கு மேஸ்திரியானார்.

1798-இல் முதலாளி பிரிட்ஜஸ் ஓய்வு பெற்றபோது தொழிலை ஜேம்ஸிடமே ஒப்படைத்தார். முதல் இல்லாதவருக்குக் கைதூக்கிவிட்டு, தம் வாடிக்கைக்காரர்களும் அவரிடமே தொடர ஏற்பாடு செய்தார். சிப்பந்தியாக இருந்தவர் முதலாளியானார். அதுவும் எங்கே? கறுப்பினத்தவரை விலைபோட்டு விற்பது பாதி நாட்டில் சட்டமாக இருந்த தேசத்தில்! அந்த உபகாரத்தை ஜேம்ஸ் மறக்கவில்லை. தமக்குப் பிறந்த ஆண்மக்களில் ஒருவருக்கு ராபர்ட் பிரிட்ஜஸ் என்ற பெயரையே சூட்டினார்.

அவர் தொழில் நடத்திய முறையைக் கவனியுங்கள். பட்டறையில் வெள்ளையரும் கறுப்பரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து தைத்தனர்; நல்ல காலத்தில் 30 பேருக்கு மேல் வேலை பார்த்தனர். மதுவுக்கு அங்கே இடமில்லை. அடிமைகளை ஏற்றும் கப்பலுக்குப் பாய் தைத்துத் தரமாட்டேன் என்று மறுத்துவிடுவார். எவ்வளவு பெரிய ஆர்டராக இருந்தாலும் சரி. வந்த லாபத்தை முடக்காமல் வீடுகளிலும், வங்கிப் பங்குகளிலும், கால்வாய், ரயில் கம்பெனிகளிலும் போட்டார். வட்டிக்குப் பணம் கொடுக்கும் தொழிலும் அவருக்கு இருந்தது. அது நமக்கு மார்க்கம் அனுமதிக்காதது. இருந்தும் மறைப்பது நியாயம் அல்ல என்பதால் எழுதுகிறோம். அவருடைய சொத்து 1,00,000 டாலர் அளவுக்கு இருக்கும் என்று மதிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் அது பெருஞ்செல்வம்.

இனி, அவர் வாழ்ந்த நகரத்துக் கறுப்பின மக்களின் நிலையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் போர்ட்டனைச் சொல்வது, கடையைச் சொல்லாமல் கணக்கைச் சொல்வது போலாகும்.

அவருடைய வாலிபத்தில் அந்த மக்களுக்கு நம்பிக்கையான காலம் இருந்தது. பிலடெல்பியா அடங்கிய பென்சில்வேனியா மாநிலம், 1780-இல் அடிமைத்தனத்தைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் போட்டது. அச்சட்டத்துக்குப் பின் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளை 28 வயதில் விடுதலை பெறும். மெதுவான நியாயம்தான், ஆனாலும் நியாயத்தின் பக்கம் எடுத்துவைத்த அடி. விடுதலை பெற்றவர்களும், தெற்கிலிருந்து தப்பி வந்தவர்களும் நகரில் திரண்டனர். 1787-இல் ரிச்சர்ட் ஆலன், அப்ஸலம் ஜோன்ஸ் என்ற இரு தலைவர்கள் ஒரு சங்கம் கண்டார்கள். அங்கத்தினர்கள் சிறு சந்தா கட்டி, நோயாளிக்கும் விதவைக்கும் அனாதைக்கும் உதவும் சங்கம். பிறகு தமக்கென்று தேவாலயங்களும் பள்ளிக்கூடங்களும் கட்டிக்கொண்டார்கள். ஜோன்ஸின் தேவாலயத்தில் போர்ட்டன் நிர்வாகிகளில் ஒருவர்.

1793-இல் நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. சுமார் 50,000 பேர் வாழ்ந்த இடத்தில் ஏறத்தாழ 5,000 பேர் மாண்டனர். வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினர். கறுப்பருக்கு அந்த நோய் தொற்றாது என்று வைத்தியர்கள் தவறாக நம்பினார்கள். அதை நம்பி, ஆலனும் ஜோன்ஸும் தம் மக்களைத் திரட்டி நோயாளிகளைப் பராமரித்தார்கள், பிணங்களை அடக்கினார்கள். அவர்களிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். காய்ச்சல் அடங்கியதும் கிடைத்த பரிசு என்ன? நோயாளிகளிடம் கொள்ளை கூலி வாங்கினார்கள், திருடினார்கள் என்று ஒரு நூலில் பழி சுமத்தப்பட்டது. இரு தலைவர்களும் 1794-இல் கணக்கு வழக்கோடு பதில் நூல் வெளியிட வேண்டியதாயிற்று. செய்த உபகாரத்துக்கே கணக்குக் காட்ட வேண்டிய நிலை!

அதே 1793-இல் தேசிய சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. ஓடிப்போன அடிமையை எஜமான் எந்த மாநிலத்திலும் பிடித்துச் செல்லலாம். இதைச் சாக்காக வைத்து, சுதந்திரமாகப் பிறந்தவர்களையும் தெருவில் பிடித்துத் தெற்கே விற்றார்கள். இதிலிருந்து பாதுகாப்புத் தேடி 1800-இல் ஜோன்ஸும் மற்றவர்களும் சட்டசபைக்கு மனுச் செய்தனர். 85 பேர் எதிர்த்து வாக்களித்தனர். ஆதரித்தவர் ஜார்ஜ் தாட்சர் ஒருவரே. அந்த ஒருவருக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதியவர் போர்ட்டன். தோற்ற காரியத்திலும் துணை நின்றவரை மறவாத குணம் அது.

அவருடைய ஒன்பதாம் வயதில் சுதந்திரப் பிரகடனம் முதன்முதலாக வாசிக்கப்பட்டது, பிலடெல்பியாவின் அந்த அரசாங்கக் கட்டிடத்தருகே. அதே இடத்தில் ஆண்டுதோறும் ஜூலை 4-ஆம் தேதி விழா நடக்கும். 1805-இல் அங்கே வந்த கறுப்பின மக்களை வெள்ளையர் கூட்டம் அடித்து விரட்டியது. சுதந்திரத்துக்காகச் சிறைக்கப்பலில் கிடந்தவருக்குச் சுதந்திர விழாவில் நிற்க இடமில்லை.

1813-இல் இன்னும் மோசமான ஆலோசனை வந்தது. வெளியிலிருந்து கறுப்பர் மாநிலத்துக்குள் குடியேறக் கூடாது, உள்ளே இருப்பவர்கள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார்கள். போர்ட்டன் தம் பெயர் போடாமல் ஐந்து கடிதங்களாக ஒரு சிறு நூல் வெளியிட்டார். மனிதரில் பேதம் பார்க்காத அரசியல் சட்டத்தை வைத்துக்கொண்டு, ஒரு சாராரை மட்டும் சந்தேகக் குற்றவாளிகளாக நடத்துவது எப்படி நியாயம் என்று கேட்டார். வெளுத்த முகம் கொண்டவருக்கு ஒரு நீதி, கறுத்த முகம் கொண்டவருக்கு வேறு நீதியா என்று வாதாடினார். மசோதா சட்டமாகவில்லை.

மறு ஆண்டே, 1814-இல், பிரிட்டிஷ் படை வாஷிங்டனை எரித்துவிட்டு பிலடெல்பியாவை நோக்கி வரக்கூடும் என்ற பயம் எழுந்தது. போர்ட்டனும் ஆலனும் ஜோன்ஸும் சுமார் 2,500 கறுப்பின ஆண்களைத் திரட்டி, நகருக்கு வெளியே கிரேஸ் ஃபெரி என்ற இடத்தில் அரண் கட்ட அழைத்துப்போனார்கள். சந்தேகப்பட்டவர்களின் நகரத்தைக் காக்கச் சந்தேகிக்கப்பட்டவர்களே மண் சுமந்தனர்.

இப்போது நாம் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறோம். 1816-இன் இறுதியில் வாஷிங்டனில் ஒரு சங்கம் தோன்றியது. சுதந்திரமான கறுப்பர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிக் குடியேற்றுவது அதன் நோக்கம். அதில் நல்லெண்ணம் கொண்டவர்களும் இருந்தார்கள். அடிமைகளை வைத்திருந்த பெரிய மனிதர்களும் இருந்தார்கள். சுதந்திரமான கறுப்பன் கண்ணெதிரே நடமாடுவது தம் அடிமைகளைக் கெடுக்கும் என்பது பின்னவர்களின் கவலை.

போர்ட்டனின் சொந்த எண்ணம் அப்போது வேறாக இருந்தது. பால் கஃபி என்ற கறுப்பினக் கப்பல் முதலாளி அவருடைய நண்பர். சுயவிருப்பத்தோடு வந்த 38 பேரைத் தம் கப்பலில் சியரா லியோனுக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர். இங்கே நம்மை மனிதராக நடத்தமாட்டார்கள், வேறு மண்ணில் மக்கள் தலைநிமிரலாம் என்று போர்ட்டனும் நினைத்திருந்தார். இந்த நிலையில் 1817 ஜனவரியில் ஆலனின் பெத்தேல் தேவாலயத்தில் கூட்டம் கூடியது. சுமார் 3,000 பேர் திரண்டனர். போர்ட்டன் தலைமை வகித்தார். போவதற்குச் சம்மதிப்போர் யார் என்று கேட்டபோது ஒரு குரல் எழவில்லை. மறுப்போர் யார் என்றபோது கட்டிடமே அதிரும்படி எழுந்தது குரல். தங்கள் முன்னோர் வேர்வை சிந்திய மண்ணைவிட்டுத் தாங்கள் போவதில்லை என்றும், தெற்கே சங்கிலியில் கிடக்கும் சகோதரர்களைக் கைவிட்டுப் போவதில்லை என்றும் தீர்மானித்தார்கள்.

அங்கே இருந்தவர்களில் பெரிய பணக்காரர் போர்ட்டன். பெரும்பாலோர் கூலிகள், மாலுமிகள், வண்ணார், வீட்டு வேலைக்காரர். தலைவர் சொன்னபடி ஜனங்கள் நடப்பது வழக்கம். இங்கே ஜனங்கள் சொன்னதைத் தலைவர் ஏற்றார். நண்பர் கஃபிக்கு உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு, அன்றிலிருந்து அந்தத் திட்டத்தை எதிர்ப்பதில் முன்நின்றார். தம் ஆயுள் முடியும்வரை ஓயவில்லை. செல்வம் உள்ளவர் தாம் மட்டும் ஒதுங்கி நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் தம்மைத் தம் மக்களிலிருந்து பிரித்துக்கொள்ளவில்லை.

1831-இல் வில்லியம் லாயிட் காரிஸன் என்ற வெள்ளைக்கார இளைஞர் பாஸ்டன் நகரில் அடிமை ஒழிப்புக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார். கையில் காசில்லாத பத்திரிகை. போர்ட்டன் 27 சந்தாக்களுக்கு உரிய 54 டாலரை முன்பணமாக அனுப்பினார்; பிறகும் உதவி வந்தார். தொடக்கத்தில் அப்பத்திரிகைக்கு உயிர் கொடுத்த சந்தாதாரர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்களே. அவருடைய மனைவி சார்லட்டும் பெண்மக்களும் 1833-இல் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கத்தைத் தொடங்கியோரில் சேர்ந்தனர். ஒரு குடும்பம் முழுவதும் ஒரு காரியத்தில் இறங்கியதை அங்கே காண்கிறோம்.

ஆனால் நகரம் அவர்களுக்கு நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே வந்தது. வெளியூர்களிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கூலிக்காரர்கள் குவிந்தார்கள். துறைமுகத்திலும் பட்டறைகளிலும் கறுப்பரைத் தள்ளிவிட்டு அந்த வேலைகளைப் பிடித்தார்கள். கறுப்பினச் சிறுவனைத் தொழில் பழக்க எடுத்துக்கொள்ளும் முதலாளிகள் அருகிப்போனார்கள். தகப்பன் தச்சனாக இருந்தான், மகன் மூட்டை தூக்கினான். 1834 ஆகஸ்டில் மூன்று இரவுகள் கூட்டமாக வந்து வீடுகளையும் ஒரு தேவாலயத்தையும் இடித்தார்கள். 1838 மே 14-இல் அடிமை ஒழிப்போர் பெரிய மண்டபம் ஒன்றைத் திறந்தார்கள். மே 17-இல் அது தீக்கிரையானது. தீயணைப்போர் பக்கத்துக் கட்டிடங்களுக்கு மட்டுமே தண்ணீர் இறைத்தார்கள்.

அதே 1838-இல் எல்லாவற்றுக்கும் மேலான அடி விழுந்தது. 1790-ஆம் ஆண்டின் மாநில அரசியல் சட்டம் வரி கட்டும் சுதந்திர மனிதருக்கு வாக்குரிமை என்றே சொல்லியிருந்தது, நிறம் பேசவில்லை. பிலடெல்பியாவில் அடிக்குப் பயந்து கறுப்பர் வாக்குச் சாவடிக்குப் போவதில்லை என்றாலும், சட்டத்தில் இடம் இருந்தது. புதிய அரசியல் சட்டம் ‘வெள்ளையர்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து அந்த இடத்தையும் அடைத்தது. போர்ட்டனின் மருமகன் ராபர்ட் பர்விஸ் 40,000 கறுப்பினக் குடிமக்களின் பெயரால் முறையீடு எழுதினார். பலிக்கவில்லை. பல வெள்ளையருக்கு வேலை கொடுத்து, வருஷா வருஷம் வரி கட்டி வந்த 72 வயதுப் பெரியவர், தம்மிடம் கூலி வாங்கிய வெள்ளையனுக்கு உள்ள உரிமை தமக்கு இல்லை என்று ஆகிவிட்டார்.

1842 மார்ச் 4-ஆம் தேதி ஜேம்ஸ் போர்ட்டன் காலமானார். சவ ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் நடந்தனர். கறுப்பின ஏழைகளோடு வெள்ளைக்கார வர்த்தகர்களும் கப்பல் கப்டன்களும் சேர்ந்து நடந்தனர். அந்த நகரம் அதுபோன்ற காட்சியை அதிகம் கண்டதில்லை. ஆனால் ஐந்து மாதம் கழிவதற்குள், ஆகஸ்டு முதல் தேதி, கறுப்பின மக்களின் ஊர்வலம் ஒன்று தாக்கப்பட்டுப் பெருங்கலகம் மூண்டது. மண்டபமும் தேவாலயமும் எரிந்தன. பர்விஸ் தம் வீட்டு வாசலைத் துப்பாக்கியோடு காத்திருந்தார். பிறகு குடும்பத்தோடு நகருக்கு வெளியே குடிபோனார். போர்ட்டனின் தொழிலும் அதிக காலம் நிலைக்கவில்லை. மக்கள் கையில் சில ஆண்டுகளில் கடனில் சிக்கி முடிந்துபோயிற்று.

அப்படியானால் அவர் வாழ்க்கை தோல்விதானா? சொத்தை மட்டும் எண்ணினால் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் ராபர்ட் பிரிட்ஜஸ் என்று பெயர் சூட்டிய அந்த மகன், 50 வயது கடந்த பின், 1864-இல் அடிமை ஒழிப்பு யுத்தத்தில் வடக்குப் படையில் சேர்ந்து, அவ்வாண்டே நோயால் இறந்தார். அவருடைய மகள் சார்லட், 1862-இல் தெற்கே போய், விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார். 1865-இல் நாடெங்கும் அடிமைத்தனம் ஒழிந்தது. 1870-இல், பறிக்கப்பட்டு 32 ஆண்டுகளுக்குப் பின், வாக்குரிமை திரும்பியது. போகமாட்டோம் என்று 1817-இல் எழுந்த அந்தக் குரல் இல்லாவிடில், அந்த உரிமையைப் பெற்றுக்கொள்ள அங்கே மக்கள் இருந்திருக்கமாட்டார்கள்.

வியாபாரிகளான நாம் ஒன்றை நினைக்க வேண்டும். கடை நன்றாக நடந்தால் போதும், ஊர்க் காரியம் நமக்கு எதற்கு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு; நமக்கும் சில காலம் இருந்ததுதான். போர்ட்டனின் கடை அந்நகரில் யாருடைய கடைக்கும் குறைந்ததல்ல. இருந்தும் அவருடைய செல்வம் அவருக்கு ஒரு வாக்கை வாங்கித் தரவில்லை. அவர் மக்களுக்கு ஒரு தெருவில் பயமின்றி நடக்க இடம் வாங்கித் தரவில்லை. அதை அறிந்தே அவர் தம் பணத்தைச் சங்கத்துக்கும் பள்ளிக்கும் பத்திரிகைக்கும் கொடுத்தார். கடை போயிற்று, கொடுத்தது நின்றது.

ஹலாலாகச் சம்பாதிக்கவும், சம்பாதித்ததில் சமூகத்துக்குரிய பங்கை மனமுவந்து கொடுக்கவும், யாருடைய நிறத்தையும் பிறப்பையும் கொண்டு அவரைத் தாழ்வாக எண்ணாதிருக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.